கீழ் வரிசையின் பத்து முடிச்சுகள்

அன்று நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொல்ல இரண்டு பேர் எனக்கு இடம் கொடுத்தார்கள். இரண்டு முறையும் நான் வாயைத் திறக்கவில்லை.

முதல் முறை காலையில், சிதம்பரத்தில், எங்கள் ஆய்வு மையத்தின் மாடிப்படியில். 2012 பிப்ரவரி. கணக்கர் மேலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். "சேதி தெரியுமாம்மா? லூர்துமேரி போயிட்டாங்களாம். காமாலையாம். பத்து நாளா ஆஸ்பத்திரியில இருந்திருக்காங்க. விடியக்காலைல முடிஞ்சிடுச்சாம்" என்றார். நான் படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரைச் சொல்கிறார் என்று எனக்குப் பிடிபடவில்லை என அவர் நினைத்திருக்க வேண்டும். "அதாம்மா, நோட்டுல தப்புத் தப்பா எழுதி அஞ்சு வருஷ வேலைய வீணாக்கிட்டுப் போனாங்களே, அவுங்க" என்று விளக்கம் சொன்னார்.

இரண்டாம் முறை மதியம், கடலூர் முதுநகரில், லூர்து அக்கா வீட்டில். டிசம்பர் புயலில் ஓடு பறந்த இடத்தில் இன்னும் தார்ப்பாய்தான் கட்டியிருந்தது. அடக்கத்துக்குக் கொண்டுபோக வண்டி வந்து நின்றிருந்தது. அவருடைய கணவர் ஜோசப், துறைமுகப் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனியில் இயந்திரம் பார்ப்பவர். அவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். என்னைச் சுவரோரம் அழைத்துப்போய்க் கேட்டார்: "நீ கூடவே இருந்தவ. நீயாவது சொல்லும்மா. அவ அப்படி என்னாதான் தப்பு பண்ணா? ஒரு வருஷமா கேட்டுட்டேன். வாயே தொறக்கல." நான் தலையைக் குனிந்துகொண்டேன். வெளியே யாரோ அவரைக் கூப்பிட்டார்கள், போய்விட்டார்.

தப்பு அவர் செய்ததல்ல, நான் செய்தது. சொல்லாமல் விட்ட வாக்கியம் இதுதான். லூர்து அக்காவை அறிந்தவர்கள் கடலூரிலும் சிதம்பரத்திலும் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அவரைப் பற்றி உங்களிடம் ஒரு தவறான தகவல் இருக்கிறது. அதைத் திருத்துவதற்காகவே இதை எழுதுகிறேன். திருத்த வேண்டுமென்றால் அவர் வேலை செய்த விதத்தைச் சொல்லியாக வேண்டும்.

மேற்கு மலைத்தொடரில், ஏழாயிரம் அடி உயரத்தில் இருக்கும் ஒரு புல்வெளியின் குறுக்கே 2005இல் குடிநீர்க் குழாய் ஒன்றைப் பதித்தார்கள். பள்ளம் தோண்டினார்கள், குழாயை இறக்கினார்கள், மண்ணைப் போட்டு மூடினார்கள். மூடிய இடத்தில் பழைய புல் திரும்ப வருகிறதா, எவ்வளவு வேகமாக வருகிறது என்று ஐந்து ஆண்டுகள் அளந்து சொல்லும் பொறுப்பு எங்கள் மையத்துக்கு வந்தது. மலையோடு ஒட்டும் உறவும் இல்லாதவர்கள் அளந்தால் எந்தப் பக்கமும் சாயமாட்டார்கள் என்று நினைத்திருக்கிறார்கள். நான் ஆய்வு மாணவி, சேத்தியாத்தோப்பிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். லூர்து அக்கா ஒப்பந்தத்தில் இருந்த தொழில்நுட்ப உதவியாளர். தாவரவியல் பட்டம் வாங்கிப் பத்து வருடம் வேறு வேறு வேலைகள் பார்த்துவிட்டு வந்தவர். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். இருவருக்கும் மலை புதிது. முதல் பயணத்தன்று சிதம்பரம் பேருந்து நிலையத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது கடைக்காரர் கிண்டல் செய்தார்: "கடலோரத்துல ஒக்காந்துகிட்டு மலையில புல்லு எண்ணப் போறீங்களாக்கும்." லூர்து அக்கா டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னார்: "நீ மட்டும் என்னா, டீத்தோட்டம் வச்சிகிட்டா டீ ஆத்துற?"

புல்லை எண்ணுவதற்கு ஒரு சட்டம் வேண்டும். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம். குறுக்கும் நெடுக்குமாகப் பத்துப் பத்து இழைகள். அவை ஒன்றையொன்று வெட்டும் நூறு இடங்கள். ஒவ்வொரு வெட்டிலும் ஒரு கம்பியை நேராக இறக்கி, அதன் நுனி தரையில் எதைத் தொடுகிறது என்று பார்க்க வேண்டும். புல்லா, வேறு செடியா, வெறும் மண்ணா, கல்லா. மையத்தில் இரும்பில் ஒரு சட்டம் செய்து வைத்திருந்தார்கள். லூர்து அக்கா அதை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, "இத செஞ்சவரு தூக்கிகிட்டு மலை ஏறட்டும், நான் பின்னால வரேன்" என்றார். அடுத்த வாரம் என்னை முதுநகருக்கு வரச் சொன்னார். மின்சார வயர் விடும் பிளாஸ்டிக் குழாயில் கழற்றி மாட்டும்படி ஒரு சட்டம், மீன்வலை நைலான் நூல், கம்பிக்குப் பழைய சைக்கிள் சக்கரத்தின் போக்ஸ் கம்பி. வலைக் கடைக்காரர் கட்டித் தருவதாகச் சொல்லியும் கேட்காமல், நூறு முடிச்சுகளையும் கடை வாசலில் உட்கார்ந்து தானே போட்டார். ஒவ்வொன்றையும் விரலால் நெம்பிப் பார்த்தார். "முடிச்சு நவுந்தா அவுங்களுக்கு மீனு போவும். நமக்குப் புல்லு போவும்."

ஐந்து ஆண்டுகளில் ஒரு முடிச்சும் நகரவில்லை.

வேலையை நாங்கள் பிரித்துக்கொண்ட விதம் முக்கியம். எனக்குக் கண் கூர்மை; புல்லின் பெயர்களும் சீக்கிரம் பழகிவிட்டன. ஆகவே கம்பியை இறக்கி உரக்கச் சொல்பவள் நான். பக்கத்தில் நின்று நோட்டில் எழுதுபவர் அவர். எத்தனை முடிச்சில் புல், எத்தனையில் மண் என்று கோடு போட்டு எண்ணி, கூட்டுத்தொகையை எழுதினால் போதும் என்று மையத்தின் இயக்குநர் சொல்லியிருந்தார். லூர்து அக்கா அப்படி எழுதவில்லை. பக்கத்துக்கு நூறு கட்டங்கள் போட்டு, எந்த முடிச்சில் எது வந்ததோ அதை அந்தக் கட்டத்திலேயே எழுதினார். பக்கம் தீர்கிறது, நேரம் ஆகிறது என்று இயக்குநர் கடிந்துகொண்டார். நானும் ஒருநாள் விரல் விறைத்துப்போன எரிச்சலில் சொன்னேன், "வெறும் நம்பர் போதும்க்கா." அவர் எழுதிக்கொண்டே பதில் சொன்னார்: "எத்தினின்னு மட்டும் எழுதி வச்சா, நாளைக்கு எங்கன்னு ஒருத்தன் கேட்டா முழிக்கணும். நீ சொல்லு. அடுத்தது என்னா?"

ஆண்டுக்கு நான்கு முறை போனோம். கடலூரிலிருந்து வரும் வண்டியில் அவர் எனக்கு இடம் போட்டு வருவார், நான் வழியில் ஏறிக்கொள்வேன்; நெய்வேலி தாண்டியதும் நான் புத்தகத்தைத் திறப்பேன். "கண்ணு கெட்டுப்போனா முடிச்ச யாரு பாக்கறது, மூடு" என்பார். பிறகு தானே என் மடியிலிருந்து அதை எடுத்து இரண்டு பக்கம் படித்துவிட்டு, "இந்தப் பொண்ணு ஏன் இப்படி ரோசன பண்ணிகிட்டே கெடக்குறா? எழுந்து போயி ஒரு வேலையப் பாக்கச் சொல்லு" என்று திருப்பித் தருவார்.

மலையில் எங்களுக்குப் பன்னிரண்டு சதுரங்கள் இருந்தன. ஆறு, பள்ளம் தோண்டி மூடிய தடத்தில். ஆறு, யாரும் கை வைக்காத பக்கத்துப் புல்வெளியில். பின்னதைத் தொடாத சதுரங்கள் என்று நாங்கள் சொல்வோம். தோண்டிய இடம் எவ்வளவு மீண்டிருக்கிறது என்பது தனியாகத் தெரியாது. தொடாத இடத்தோடு ஒப்பிட்டால்தான் தெரியும். மூலைகளில் இரும்பு முளை அடித்து, ஒவ்வொரு முறையும் சட்டத்தை அதே இடத்தில் வைப்போம். சரிவு ஆகையால் நான் எப்போதும் சட்டத்தின் கீழ்ப்பக்கம், மலையைப் பார்த்து மண்டியிடுவேன். தோண்டிய தடம் முழுக்கச் சரளை. முட்டியில் குத்தும். அதனால் பண்ருட்டியிலிருந்து வரும் முந்திரிக்கொட்டைச் சாக்கு ஒன்றை நாலாக மடித்துச் சட்டத்துக்கு வெளியே போட்டு, அதன்மேல் மண்டியிடுவேன். தொடாத இடத்திலோ புல் மெத்தைபோல இருக்கும். சாக்கு தேவைப்படவில்லை. மேல் வரிசைகள் எட்டாது என்பதால் இன்னும் கொஞ்சம் முன்னே நகர்ந்து, புல் மேலேயே உட்கார்ந்து வேலை பார்ப்பேன். அது எனக்குப் பிடித்தும் இருந்தது. லூர்து அக்கா வனக்காவலரிடம் சொல்லிச் சிரிப்பார்: "எங்க கோயிலுக்கு வந்தா சம்பிரதாயத்துக்கு ஒரு நிமிசம் மண்டி போட மாட்டா. இங்க பாருங்க, மணிக்கணக்கா போடுறா."

மூன்றாம் ஆண்டின் ஜனவரிப் பயணம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பனியில் புல்லின் நுனிகள் கருகியிருந்தன. மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கி, அன்றைக்கான ஆறில் ஐந்து சதுரங்கள் முடிந்து ஆறாவது பாக்கி இருந்தது. மலையில் எங்களை ஏற்றி இறக்கும் ஜீப்பின் டிரைவர் ஆரன் அடித்துக்கொண்டே இருந்தார். ஒரு சதுரம்தானே, போன முறை வந்ததையே கொஞ்சம் மாற்றிப் போட்டுக்கொள்ளலாமே என்று அவர் யோசனையும் சொன்னார். "அஞ்ச அளந்துட்டு ஆறுன்னு எழுத என் கை வராதுப்பா. நீ கெளம்பு, நாங்க பஸ்ஸுல வரோம்" என்றார் அக்கா. அளந்து முடித்து, முன்னால் போகிறவரின் முதுகு மட்டுமே தெரிகிற மூடுபனியில் மலைச்சாலை வரை நடந்தோம். ஜீப் அங்கே காத்திருந்தது. டிரைவர் கதவைத் திறந்துவிட்டார். அக்கா ஏறி உட்கார்ந்து அவருக்கு முறுக்குப் பொட்டலத்தை நீட்டினார்.

2011 தொடக்கத்தில் கணக்குகளைத் தொகுத்தோம். தோண்டிய தடத்தில் புல் மெல்ல மெல்ல ஏறியிருந்தது. ஐந்தாம் ஆண்டின் முடிவில் தொடாத இடத்தோடு ஒப்பிட்டால், மீண்டுவிட்டது என்று ஒப்பந்தத்தில் சொல்லப்பட்டிருந்த எல்லையை ஒரு மயிரிழை தாண்டியிருந்தது. மையத்தில் எல்லோருக்கும் சந்தோஷம். குடிநீர்த் திட்ட அதிகாரிகளுக்கு இன்னும் சந்தோஷம், ஏனென்றால் முதல் குழாய்க்குப் பக்கத்திலேயே இரண்டாவது குழாய்க்கும் பள்ளம் தோண்ட அனுமதி கேட்டிருந்தார்கள். ஐந்து வருடத்தில் புல் மீண்டுவிடும் என்றால் மறுக்கக் காரணம் இல்லை. என் ஆய்வேடும் அந்த முடிவின்மேல்தான் நின்றது. கடைசி இயலின் தலைப்பைக்கூட வைத்துவிட்டேன்.

லூர்து அக்கா மட்டும் நோட்டுகளை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்ததும் போன் செய்தார். "கெளம்பி வா. மீன் கொழம்பு வச்சிருக்கேன். புஸ்தகம் வேணாம்."

போனபோது கூடத்துத் தரை முழுக்கக் கட்டம் போட்ட தாள்கள். தொடாத ஆறு சதுரங்களில் ஒவ்வொரு முறையும் எந்தெந்த முடிச்சில் வெறும் மண் வந்ததோ, அந்தக் கட்டங்களுக்குச் சிவப்புப் பென்சிலால் வண்ணம் தீட்டி வரிசையாக வைத்திருந்தார். முதல் ஆண்டுத் தாள்களில் சிவப்பு அங்கங்கே சிதறிக் கிடந்தது. ஆண்டு போகப் போக அது கீழ் வரிசைக்கு இறங்கியது. கடைசித் தாள்களில் கீழ் வரிசையின் பத்துக் கட்டங்களில், இடப்பக்கம் ஒரு கொத்து, வலப்பக்கம் ஒரு கொத்து. ஆறு சதுரங்களிலும் அப்படியே.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அக்கா சுவரில் சாத்தியிருந்த சட்டத்தை எடுத்துத் தரையில் வைத்தார். "மலையில எப்படி ஒக்காருவ? அப்படி ஒக்காரு."

மண்டியிட்டேன். மேல் வரிசையை எட்ட முன்னே நகர்ந்தேன்.

"கீழ பாரு."

என் இரண்டு முட்டிகளும் சிவப்புக் கட்டங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன.

ஜோசப் மாமா சாப்பாட்டுத் தட்டோடு அந்தப் பக்கம் வந்து எட்டிப் பார்த்தார். "என்னா, அந்தப் புள்ளைய எதுக்கு முட்டி போட வச்சிருக்க? ஹோம் ஒர்க் பண்ணலியா?" என்றார். அக்கா சிரிக்கவில்லை, சிரிப்பார் என்று நான் எதிர்பார்த்தேன்.

இருபது முறை ஒரே இடத்தில் மண்டியிட்டிருக்கிறேன். அமுங்கிய புல் அந்தக் குளிரில் எழவில்லை. பக்கத்துப் புல் சாய்ந்து மூடியிருந்ததால் கண்ணுக்குத் தெரியவில்லை. கம்பி மட்டும் மண்ணைத் தொட்டது. நானே அதைத் தொட்டு நானே "மண்" என்று சொல்லியிருக்கிறேன். ஒப்பிடுவதற்கு வைத்திருந்த அளவுகோல் எங்கள் கையிலேயே தேய்ந்துகொண்டு வந்திருக்கிறது. கோல் தேய்ந்தால் துணி நீளமாகத் தெரியும். தோண்டிய இடம் அவ்வளவாக மீளவில்லை; தொடாத இடத்தை நான் கெடுத்திருந்தேன்.

"இப்ப சொன்னா அஞ்சு வருஷமும் போச்சுக்கா" என்றேன்.

"போவாது. கீழ் வரிசைய எல்லாச் சதுரத்துலயும் தள்ளிடுவோம். மீதி தொண்ணூறு முடிச்சு நல்லா இருக்குது. அத வச்சுக் கணக்குப் போட்டேன். இன்னும் மீளல." தாள்களை அடுக்கிக்கொண்டே மேலும் சொன்னார்: "அப்படியே போனாலும் போவட்டும். நமக்கு அஞ்சு வருஷந்தான் போவும். அங்க தோண்டிட்டா அந்தப் புல்லுக்கு எத்தினி வருஷம் போவும்னு எவனுக்குத் தெரியும்?"

அன்று மீன் குழம்பு சாப்பிட்டேன். அடுத்த வாரக் கூட்டத்தில் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று அவர் சொன்னதற்குச் சரி என்றும் சொன்னேன்.

அந்தக் கூட்டத்தில் இயக்குநரும் திட்ட அதிகாரிகள் இருவரும் நாங்கள் இருவரும் இருந்தோம். லூர்து அக்கா எழுந்து தாள்களை மேசைமேல் விரித்தார். "முடிவு தப்பா வந்திருக்குது சார். தொடாத சதுரத்துல கீழ் வரிசையில மட்டும் மண்ணு ஜாஸ்தியாவுது. புல்லு தானா செத்தா ஒரே வரிசையிலயா சாவும்? அளக்கப் போனதுல அமுங்கிச் செத்திருக்குது."

அதிகாரி ஒருவர் தாளைத் தூக்கிப் பார்த்தார். "ஒரே வரிசையில வருதுன்னா அது எழுதுனவங்க தப்பா இருக்கும்மா. வரிசை மாத்தி எழுதியிருப்பீங்க. ஏழாயிரம் அடியில குளிருல கை நடுங்கும்ல" என்றார்.

"இதெல்லாம் யார் எழுதினது?" என்று இயக்குநர் கேட்டார்.

"நோட்டு பூரா என் கையெழுத்துதான் சார்."

உண்மைதான். நோட்டு முழுக்க அவர் கையெழுத்துதான். அளந்தது யார், மண்டியிட்டது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் இரண்டு நாற்காலி தள்ளி, ஆய்வேட்டின் அச்சுப்படியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. ஒருமுறை திரும்பியிருந்தால் எழுந்திருப்பேன் என்று பல மாதம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்காகத்தான் அவர் திரும்பவில்லை என்று இப்போது தெரிகிறது.

தொண்ணூறு முடிச்சைப் பற்றி அவர் சொல்லத் தொடங்கியபோது இயக்குநர் கை அமர்த்தினார். நோட்டையே நம்ப முடியாது என்றால் தொண்ணூறை மட்டும் எப்படி நம்புவது என்று கேட்டார். நியாயமான கேள்வி. அந்த வெறும் மண் நிஜம், அது என் முட்டியால் வந்தது, மற்ற எதிலும் பிழை இல்லை என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் நான்; அந்த அறையில்தான் இருந்தேன். சொல்லியிருந்தால் அவர் பெயரும் தப்பியிருக்கும், ஐந்து ஆண்டு அளவும் தப்பியிருக்கும். நோட்டுகள் பீரோவுக்குள் போயின; அவற்றிலிருந்து முன்பே தொகுத்த கணக்கை என் ஆய்வேட்டிலிருந்து நான் நீக்கவில்லை. மீளவில்லை என்று சொல்ல எந்தக் கணக்கும் இல்லாமல் போனதால், இரண்டாவது குழாயின் விண்ணப்பம் நகரத் தொடங்கியது. ஜூனில் லூர்து அக்காவின் ஒப்பந்தம் முடிந்தது, நீட்டிக்கவில்லை.

அவர் கடலூரில் ஒரு பள்ளியின் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ஒருமுறை, ஆகஸ்டில், சிதம்பரம் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். திருமண வீட்டுக்கு வந்திருந்தார், தலையில் பூ. என்னைப் பார்த்ததும் வழக்கம்போலத் தோளில் தட்டினார். அன்று என் பெயரை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். இப்படிக் கேட்பதே எவ்வளவு அற்பம் என்று கேட்ட பிறகுதான் உறைத்தது.

"உன்னக் காட்டிக் குடுக்கவா நான் கட்டம் போட்டு எழுதினேன்? அளவு தப்புன்னா காட்டத்தான் எழுதினேன். அத நான் சொல்லிட்டேன். உன்னோடத நீதான் சொல்லணும். நான் சொன்னா அது கோள்." கடலூர் வண்டி வந்தது. ஏறும்போது திரும்பிச் சொன்னார்: "ஆனா ரொம்ப நாள் போட்டு வைக்காத. அனுமதி வந்துடப் போவுது."

கோபமாகச் சொல்லவில்லை. கொடியில் துணி காய்கிறது, மழைக்கு முன்னால் எடுத்துவிடு என்பதுபோலச் சொன்னார். நான் ஆய்வேட்டை முடித்துவிட்டுச் சொல்வதாக எனக்குள் தவணை போட்டேன். பிறகு புயல் வந்தது. புயலுக்குப் பின் சொல்லலாம் என்று நினைத்தேன். பிப்ரவரியில் கணக்கர் மாடிப்படியில் இறங்கி வந்தார்.

அடக்கம் முடிந்து நான்காம் நாள் மறுபடி முதுநகருக்குப் போனேன். ஜோசப் மாமா வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தார். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டார். "அப்ப அவ ஒரு தப்பும் பண்ணலியா?" என்றார்.

"இல்ல மாமா. நான்தான்."

 அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "எங்கிட்ட சொல்லி என்னா பிரயோஜனம்? நான் அவ தப்பு பண்ணியிருப்பான்னு ஒரு நாளும் நெனைக்கல. நெனச்சவுங்க இருக்காங்க இல்ல, அவுங்க கிட்ட போயி சொல்லு. முப்பதாம் நாள் பூசைக்கு எல்லாரும் வருவாங்க. உங்க ஆபீசு ஆளுங்களும் வருவாங்க. அங்க சொல்லு. அதுவரைக்கும் இந்தப் பக்கம் வராத."

முப்பதாம் நாள் பூசை முடிந்து, கோயில் முற்றத்தில் எல்லோரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவள், மெதுவாகத்தான் பேசினேன், பின்னால் நின்றவர்களுக்குக் கேட்டிருக்காது. அவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கட்டுரை. அதே வாரம் இயக்குநருக்கும், அனுமதியைப் பரிசீலிக்கும் குழுவுக்கும் எழுத்தில் கொடுத்தேன். ஏப்ரலில் தனியாக மலைக்குப் போய், ஆறு சதுரங்களிலும் புல்லை விலக்கிப் படம் எடுத்தேன். ஒவ்வொன்றிலும் இரண்டு வட்டங்கள், என் முட்டி அளவுக்கு. இந்த முறை சதுரத்தின் இருபுறமும் கல் அடுக்கி, மேலே பலகை போட்டு, அதன்மேல் படுத்தபடி நூறு முடிச்சையும் அளந்தேன். எழுத ஆள் இல்லாததால் நானே சொல்லி நானே எழுதினேன், கட்டம் போட்டு.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இதுதான்: எவ்வளவு என்பதோடு எங்கே என்பதையும் எழுதுவது. அதோடு நானாகச் சேர்த்துக்கொண்ட ஒன்றும் உண்டு. என் நோட்டில் இப்போது ஒவ்வொரு பக்கத்தின் மேலும், அளந்தவர் எந்தப் பக்கம் இருந்தார், உடம்பின் எந்தப் பகுதி தரையில் பட்டது என்று ஒரு வரி இருக்கும். பார்ப்பவர்கள் விசித்திரமாகப் பார்க்கிறார்கள்.

குழு தொண்ணூறு முடிச்சுகளை வைத்து மறுபடி கணக்கிட்டது. தோண்டிய தடம் மீளவில்லை என்று முடிவு செய்தது. இரண்டாவது குழாய் புல்வெளியை விட்டு மலைச்சாலையின் ஓரமாகப் போகிறது, வேலை தொடங்கிவிட்டது. குழுவின் அறிக்கையில் முதல் பக்கத்தில் அளவீட்டுப் பதிவு என்ற இடத்தில் லூர்துமேரி என்ற பெயர் இருக்கிறது. என் ஆய்வேட்டை நானே திரும்பப் பெற்றுக்கொண்டேன். மையத்தில் ஆய்வு மாணவியாக இருந்த என் ஒப்பந்தமும் ஆகஸ்டோடு முடிந்தது. அறிக்கையின் ஒரு படியை முதுநகருக்குக் கொண்டுபோனேன். ஜோசப் மாமா கதவைத் திறந்தார், வாங்கிக்கொண்டார், உள்ளே வரச் சொல்லவில்லை.